தாங்கி

மோட்டர் ஒரு பிரிட்ஜின் வயிற்றிலிருந்து வந்தது.
மாங்குளத்துச் சோடாக்கடைக்குப் பின்னால்
கதவு கழன்று கிடந்தது அது.
உள்ளே கோழிக்குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.
இரண்டாயிரம் கேட்டார்கள். ஆயிரத்து இருநூறும்
குஞ்சுகளுக்கு ஒரு தக்காளிப் பெட்டியும் கொடுத்தேன்.

மூன்று செப்புக் குழாய் அதற்கு.
ஒன்று இழுக்கும், ஒன்று தள்ளும்,
மூன்றாவது அடைபட்டே பிறந்தது.
எது எதுவென்று அறிய விரலை வைத்தால் போதும்.
இழுக்கிற வாய்க்கு மோட்டார் சைக்கிள் வடியைக் கட்டினேன்.
மல்லாவிப் புழுதி அதையும் ஒரு கை பார்க்கும்.

தாங்கிதான் கிடைக்கவில்லை.
தண்ணீருக்கும் தாங்கி, டீசலுக்கும் தாங்கி எங்கள் பக்கத்தில்.
தாங்கினால் தாங்கி.
இரும்புக்கடைப் புவிராசர் ஒரு பச்சை உருளையைக் காட்டினார்.
முன்னர் அது என்னவாக இருந்ததென்று
அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை,
எடுக்கவும் இல்லை.
அதற்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது
ஏதோ ஒரு லொறியின் பிறேக் காற்றுத்தாங்கி.
நிறுத்தார். பதினாலரைக் கிலோ.

வெல்டிங் முடித்த கையோடு
"காத்தை அடிச்சுப் பாப்பம் அக்கா" என்றான் றெஜினோல்ட்.
"தண்ணியை அடி."
"காத்துத் தாங்கிக்கு ஏன் தண்ணி?"

அமுக்கினால் காற்று சுருண்டு இருந்துகொள்ளும்.
இரும்பு கைவிட்ட கணத்தில்
அத்தனையும் ஒரேயடியாய் எழும்பும்.
தண்ணீர் சுருளாது. விட்டால் கசியும், அவ்வளவுதான்.

அவன் தகரக் கூரையை ஒருமுறை பார்த்தான்.
பிறகு தன் முழங்காலை.
வாளியோடு கிணற்றடிக்குப் போனான்.

கழுத்துவரை நிரப்பி, குமிழி போக்கி,
மிச்சத்தைக் கிறீஸ் பம்பால் அமுக்கினோம்.
எண்பது இறாத்தல். நூறு. நூற்றிருபது.
நூற்றைம்பதை முள் தொடமுன்னம்
பெயின்ருக்குக் கீழே யாரோ எப்போதோ வைத்த ஒட்டு
ஒரு நூல் தண்ணீரை அவன் சேட்டில் தைத்தது.
சிரித்தான்.
நனைந்த இடத்தைத் தடவித் தடவிச் சிரித்தான்.
நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரைந்து, திரும்ப ஒட்டி, திரும்ப நிரப்பி
இருநூறில் ஒரு மணித்தியாலம். முள் அசையவில்லை.

சேப்டி வால்வு மட்டும் புதிது.
அதில் சதம் மிச்சம் பிடிக்கக் கூடாது.
எல்லாமாகப் பதினோராயிரத்துச் சொச்சம்.

குறை உண்டு.
நிரம்பப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும்.
காற்றோடு கொஞ்சம் எண்ணெயும் வரும்,
அடித்த பெயின்ரில் மீன்கண் விழும்.
நட்டுக் கழற்றும் துப்பாக்கி நாலாவது நட்டில் சோர்ந்துவிடும்,
ஐந்தாவதுக்குக் காத்திருக்கவேண்டும்,
காத்துக்காக.

லோன் கொம்பனிப் பெடியன் வியாழக்கிழமை
சைக்கிளை அல்ல, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.
முன் டயர் படுத்திருந்தது.
போன மாதம் இதே வாசலில் நின்று
புதுக் கொம்பிறசர் படம் காட்டியவன்:
அறுபத்தெட்டாயிரம், கிழமைக்கு ஆயிரத்து நானூறு,
மூன்று பெண்கள் கையெழுத்து வைத்தால் போதும்.

"சத்தமே இல்லையே அக்கா, வேலை செய்யுதோ?"
வீடு நித்திரைகொள்ள வேணுமென்று
பழக்கி வளர்த்த மோட்டர் அது.
"முள்ளைப் பார்" என்றேன்.
பார்த்தான். பதினைந்து. இருபது.
ஒரு டயரைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தான்.
முப்பத்தைந்து. கொப்பியைத் திறக்கவில்லை.
தங்கச்சிக்குக் கம்பஸ் கிடைத்ததைச் சொன்னான்.
அறுபது.

ஒட்டி, அடித்து, எச்சில் தடவி வால்வைப் பார்த்து
ஐந்நூறு ரூபா வாங்கினேன்.
அப்போதுதான் கொப்பியைத் திறந்தான்.
பழைய தையல்மெசின் கடனின் கிழமைக் காசுக்கு
அதே தாளை மேலே வைத்து எண்ணிக் கொடுத்தேன்.

பின்னேரம் அடித்திருகியைத் திறந்தால்
சீறி, இருமி, அரைச் சிரட்டைத் தண்ணீர்.
வவுனிக்குளம் அடிமட்டத்துக்கு இறங்கிய ஆவணி.
இந்தக் காற்றுக்குள்ளா இருந்தது இவ்வளவும்?
துரு மணக்கிறது. மிளகாய்க்கு ஊற்ற ஏலாது.
வாசலில் ஊற்றினேன்.
கொஞ்ச நேரம் புழுதி அடங்கும்.